பாறைச் சுனையில் ஒரு வாழ்நாள்



விலங்கியலில் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் யானை, புலி, திமிங்கிலம் என்று ஏதேனும் பெரிய உயிரைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட விலங்கு வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதன் பெயர் ரோட்டிஃபர். பெரும்பாலான இனங்களின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை. பெரும்பாலும் நன்னீரில் வாழ்வது. அதைத் தேடி இருபது ஆண்டுகளுக்கு மேல் பாலைவனத்தில் அலைந்த ஓர் ஆய்வுக் குழுவின் பணியைத்தான் இந்த அவையில் எடுத்துரைக்க விரும்புகிறேன். நன்னீர் விலங்கைத் தேடிப் பாலைவனத்துக்கா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

வட அமெரிக்காவின் மிகப் பெரிய வெப்பப் பாலைவனம் சிவாவா. அதன் பெரும்பகுதி மெக்சிகோவில் இருக்கிறது. வடக்கே டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா மாநிலங்களுக்குள்ளும் நீள்கிறது. இரு நாட்டு எல்லையில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் உள்ள நகரம் எல் பாசோ. அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 22 சென்டிமீட்டர் அளவுதான். சென்னையில் பெய்வது ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அந்தச் சொற்ப மழையிலும் பெரும்பங்கு ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் இடியோடு கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் காற்றும் புழுதியும்தான்.

எல் பாசோவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ஹுவெகோ டேங்க்ஸ் என்றொரு குன்றுத்தொகுதி இருக்கிறது. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் குமுறி எழுந்த பாறைக்குழம்பு உள்ளேயே குளிர்ந்து இறுகியது. மேலிருந்த மண் அரித்துப் போனபின் பாறை வெளிப்பட்டது. அந்தப் பாறைமுதுகு முழுவதும் குழிகள். கையளவு குழியும் உண்டு, ஆள் இறங்கி நிற்கும் குழியும் உண்டு. மழை பெய்தால் அவற்றில் நீர் தங்கும். நம் குன்றுகளில் சுனை என்போமே, அதுதான். அந்தச் சுனைநீருக்காக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர்கள் அங்கே வந்து போயிருக்கிறார்கள். ஜோர்னாடா மொகோயோன் மக்கள் பாறை நிழல்களில் தீட்டிய முகமூடி ஓவியங்கள் மட்டும் இருநூறுக்கு மேல் எஞ்சியிருக்கின்றன. 1858இல் பட்டர்ஃபீல்டு தபால் வண்டிகள் நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கியபோது குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட நின்ற இடங்களில் அதுவும் ஒன்று.

அந்தக் குழிகளில் சிறியவற்றில் நீர் சில நாள்கள்தான் நிற்கும். பெரியவற்றில் சில வாரங்கள். பிறகு அடியில் ஒரு விரல்கடைப் புழுதி மட்டும் மிஞ்சும். கோடையில் அந்தப் பாறையில் கை வைக்க முடியாது. அந்தப் புழுதியில் சிறிதளவு எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தால், ஓரிரு நாளில் நுண்ணோக்கியின் கீழ் விலங்குகள் நீந்தும். பாக்டீரியாவைச் சொல்லவில்லை. வாய், தாடை, குடல், கழிவு நீக்கும் உறுப்பு, நரம்பு, தசை, கருவகம் எல்லாம் கொண்ட முழுமையான பலசெல் விலங்குகளைச் சொல்கிறேன். ஒரு ரோட்டிஃபரின் உடலில் ஏறத்தாழ ஆயிரம் உட்கருக்கள்தான் இருக்கும். அந்த ஆயிரத்துக்குள் இத்தனையும் அடங்கிவிடுகின்றன. தலையில் மயிரிழைகள் வளையமாக அமைந்திருக்கும். அவை வரிசையாக அசையும்போது சக்கரம் சுழல்வதுபோல் தோன்றும். அந்த அசைவு நீரோட்டத்தை உண்டாக்கிப் பாசியையும் பாக்டீரியாவையும் வாய்க்குக் கொண்டுவரும். உள்ளே தசைப்பை ஒன்றில் கடினமான தாடைகள் ஓயாமல் அரைத்துக்கொண்டிருக்கும். கண்ணாடி போன்ற உடல் என்பதால் தின்பதும் அரைப்பதும் செரிப்பதும் முட்டை வளர்வதும் வெளியிலிருந்தே தெரியும். விலங்கியல் மாணவர் ஒருவருக்கு உயிரின் இயக்கத்தை ஒரே காட்சியில் காட்ட வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்த விலங்கு எனக்குத் தெரியாது.

காய்ந்த புழுதியிலிருந்து விலங்கு எழுவதை முதலில் கண்டு எழுதியவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆன்டனி வான் லேவன்ஹூக். 1702இல் தன் வீட்டுக் கூரைத் தூம்பில் படிந்து காய்ந்த மண்ணை எடுத்து நீர் விட்டுப் பார்த்தார். சற்று நேரத்தில் உயிர்கள் அசையத் தொடங்கின. பல மாதம் காய வைத்த மண்ணிலும் அது நடந்தது. இது சாத்தியமா என்று அடுத்த இரு நூற்றாண்டுகள் ஐரோப்பிய அறிஞர்கள் வாதிட்டார்கள். உயிர் என்றால் இடைவிடாத இயக்கம் என்று நம்பியவர்களுக்கு, இயக்கமே இல்லாமல் கிடந்துவிட்டு மீண்டும் இயங்கும் ஒரு விலங்கை எந்த இடத்தில் வைப்பது என்று புரியவில்லை. 1959இல் கேம்பிரிட்ஜின் டேவிட் கெய்லின் அந்த நிலைக்குக் கிரிப்டோபயோசிஸ் என்று பெயரிட்டபின்தான் அது உடலியலில் உரிய இடம் பெற்றது.

லேவன்ஹூக் கண்டவை டெலாய்டு ரோட்டிஃபர்கள். அட்டைபோல் உடலை நீட்டிச் சுருக்கி ஊர்பவை. நீர் வற்றும்போது தலையையும் காலையும் உள்ளிழுத்து, உருண்டு, உடலின் நீரையெல்லாம் இழந்து கிடக்கும். இவற்றில் 450க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. எதிலும் ஆண் விலங்கை யாரும் கண்டதில்லை. எல்லாம் பெண்கள், பெண்ணே பெண்ணை ஈன்று கோடிக்கணக்கான ஆண்டுகள் கடந்திருக்கின்றன. உடல் முழுவதும் வறளும்போது டி.என்.ஏ. இழைகள் துண்டு துண்டாக அறுகின்றன. நீர் கிடைத்ததும் அவற்றை ஒட்டிச் சரிசெய்துகொள்கின்றன. மரபணுக்களில் கணிசமான பங்கு பாக்டீரியா, பூஞ்சை, தாவரங்களிலிருந்து வந்து சேர்ந்தது என்று 2008இலும் 2012இலும் வந்த ஆய்வுகள் காட்டின. இயங்கும் மரபணுக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று அயலிலிருந்து வந்தது என்கிறது அவற்றில் ஒன்று. 2010இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, வறட்சி இவற்றுக்கு ஆபத்து மட்டும்தானா என்றே கேட்க வைத்தது. டெலாய்டுகளைக் கொல்லும் பூஞ்சை ஒன்று உண்டு. விலங்கும் பூஞ்சையும் சேர்ந்து சில வாரம் காய்ந்து கிடந்தால் பூஞ்சை செத்துவிடுகிறது, விலங்கு பிழைக்கிறது. பிறகு காற்றில் பறந்து பூஞ்சையில்லாத இடத்தில் விழுந்து பெருகுகிறது. 2021இல் சைபீரியாவின் அலசேயா ஆற்றுப் பகுதியில் உறைந்த மண்ணைத் தோண்டியெடுத்த ரஷ்ய ஆய்வாளர்கள், சுமார் 24,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த டெலாய்டுகள் எழுந்து இனம் பெருக்கியதை அறிவித்தார்கள்.

இவ்வளவு தூரம் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தச் செய்திகள் நாளிதழிலும் வந்தன. உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். ஆனால் ஒரு பாலைவனத்தில் எந்தச் சுனையில் எந்த இனம் இருக்கிறது, எந்த மழைக்கு எழுகிறது, எப்போது முட்டையிடுகிறது என்று ஆண்டுக்கணக்கில் பதிவு செய்யும் வேலை நாளிதழில் வருவதில்லை. என் உரையின் மையம் அந்த வேலைதான்.

அதைச் செய்தவர் எல் பாசோவிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் எலிசபெத் வால்ஷ். அவரோடு நெடுங்காலம் இணைந்து பணியாற்றியவர் ராபர்ட் வாலஸ். வாலஸ் இருந்ததோ ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் வடகிழக்கே, விஸ்கான்சின் மாநிலத்தின் ரிப்பன் கல்லூரியில். இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் சிறிய கல்லூரி அது. ஏரிச் செடிகளில் ஒட்டிக்கொண்டும் கூட்டமாகத் திரண்டும் வாழும் ரோட்டிஃபர்களில் தேர்ந்தவர் அவர். ரோட்டிஃபர் ஆய்வாளர்கள் கையில் வைத்திருக்கும் அடிப்படை நூலின் 2006ஆம் ஆண்டுப் பதிப்பில் முதல் ஆசிரியரும் அவரே. ஏரிகள் நிறைந்த மாநிலத்தில் வாழும் ஒருவர் தண்ணீரே இல்லாத நாட்டின் ரோட்டிஃபர்களுக்கு இத்தனை ஆண்டு உழைத்தது எனக்கு வியப்பும் மகிழ்ச்சியும் தரும் செய்தி. 2005இல் இக்குழு பிக் பெண்ட் தேசியப் பூங்காவின் ஊற்றுகளையும் தற்காலிக நீர்நிலைகளையும் பற்றி எழுதியது. 2008இல் மெக்சிகோப் பகுதி பற்றி. 2014இல் உலகெங்கும் வற்றும் நீர்நிலைகளில் வாழும் ரோட்டிஃபர்களைப் பற்றிய தொகுப்பு. 2020இல் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட சேகரிப்பு முழுவதன் கணக்கு. எல்லைக்கு அப்பால் சிவுதாத் ஹுவாரெஸ், அவாஸ்காலியெந்தெஸ் நகரங்களின் ஆய்வாளர்களும் இதில் கூட்டு. பாலைவனம் ஒன்றுதான், நடுவே நாடுகள் இரண்டு. இரு பக்கமும் ஆள் இல்லாமல் அந்தக் கணக்கு முழுமையாகாது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை மாணவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெரிய நீர்நிலை என்றால் நுண்கண் கொண்ட மிதவை வலையை இழுக்கலாம். கையளவு குழியில் வலை நுழையாது. உறிஞ்சு குழலால் நீரையும் அடிமண்ணையும் எடுக்க வேண்டும். எடுத்ததை ஃபார்மலினில் போட்டு வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றால், ஓடுள்ள இனங்களுக்கு அது சரிப்படும். மெல்லுடல் இனங்களோ ஃபார்மலின் பட்ட கணத்தில் சுருங்கி அடையாளமற்ற உருண்டையாகிவிடும். டெலாய்டுகளை உயிரோடு, அவை ஊரும்போதும் தின்னும்போதும் பார்த்தால்தான் இனம் சொல்ல முடியும். ஆகவே மாதிரியைக் குளிர்ச்சியாக வைத்து ஆய்வகத்துக்கு விரைந்து கொண்டுவந்து, அன்றும் மறுநாளும் நுண்ணோக்கியை விட்டு எழாமல் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் விலங்கை வெளுப்புத் திரவத்தில் கரைத்துத் தாடைகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றின் வடிவத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். அந்தத் தாடையோ ஒரு மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்குதான். வந்த மழைக்கு உடனே கிளம்ப வேண்டும். மழை எந்த வாரம் வரும் என்று எந்த ஆய்வுத் திட்டத்திலும் எழுத முடியாது. இதையெல்லாம் எண்ணித்தான், பாலைவன நீர்நிலையை ஆராய்பவர் பாலைவனத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஒரு கோடையில் பறந்து வந்து அள்ளிப்போகும் ஆய்வுக்கு இது கட்டுப்படாது.

2020ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 236 இடங்கள். அமெரிக்கப் பகுதியில் 202, மெக்சிகோவில் 34. பாறைச் சுனை, ஊற்று, கால்நடைத் தொட்டி, ஓடை, மழைக்குப்பின் மட்டும் நீர் விரியும் பிளாயா எனும் களர்த்தரை, ஏரி, நீர்த்தேக்கம் எல்லாமே அதில் உண்டு. உலகில் அதுவரை அறியப்பட்ட ரோட்டிஃபர் இனங்கள் ஏறத்தாழ 1,850. இந்த ஒரு பாலைவனத்தில் பதிவானவை 246. அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று. ஊற்றுகளில் 175, ஏரிகளில் 112, பாறைச் சுனைகளில் 72. எழுபத்திரண்டு என்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆண்டின் பெரும்பகுதி வெறும் புழுதியாய்க் கிடக்கும் குழிகளில் வாழும் இனங்களின் எண்ணிக்கை அது.

இந்த இனங்களில் ஒன்றின் கதையை நிதானமாகச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். ஹெக்ஸார்த்ரா என்றொரு பேரினம். ஆறு கைகள், அவற்றில் தூரிகை போன்ற மயிர்கள். எதிரி நெருங்கினால் கைகளை வீசி ஒரே எட்டில் துள்ளி விலகும். ஹுவெகோ டேங்க்ஸின் ஆழமற்ற குழிகளில் ஒரு ஹெக்ஸார்த்ரா வாழ்கிறது. டெலாய்டு போல உடலோடு வறண்டு கிடக்க இதற்குத் தெரியாது. நீர் வற்றினால் விலங்கு சாகும். தடித்த ஓட்டுக்குள் இருக்கும் உறங்குமுட்டை மட்டுமே அடுத்த மழை வரை தாங்கும். அந்த முட்டையை உண்டாக்க ஆணும் பெண்ணும் சேர வேண்டும். இங்கேதான் சிக்கல்.

இந்த வகை ரோட்டிஃபர்களின் வழக்கமான வாழ்க்கை முறை இது. மழைக்குப்பின் உறங்குமுட்டையிலிருந்து வெளிவரும் முதல் தலைமுறை முழுவதும் பெண்கள். அவை துணையின்றியே பெண்களை ஈனும். அந்தப் பெண்களும் அப்படியே. பெருக்கம் வெகு வேகமாக நடக்கும். கூட்டம் நெருங்கியபின், அல்லது வேறு ஏதோ அடையாளம் கிடைத்தபின், சில பெண்கள் வேறுவிதமான முட்டையை உருவாக்கும். அது கருவுறாவிட்டால் ஆண் பிறக்கும். கருவுற்றால் உறங்குமுட்டை ஆகும். ஆண் விலங்கு மிகச் சிறியது. பெரும்பாலான இனங்களில் அதற்குக் குடல்கூட வேலை செய்யாது. ஓரிரு நாள் நீந்திப் பெண்ணைத் தேடுவதோடு அதன் வாழ்வு முடியும். ஏரியில் வாழும் இனத்துக்கு இந்த ஒழுங்கு பொருந்தும். முதலில் பெருகு, பிறகு சேமி என்பது அதன் கணக்கு. குழியில் நீர் எத்தனை நாள் நிற்கும் என்றே தெரியாத ஹெக்ஸார்த்ரா அப்படிக் காத்திருந்தால், பெருகி முடிவதற்குள் குழி வறண்டு, ஒரு முட்டைகூட மிஞ்சாமல் வம்சம் அழியும்.

இக்குழுவின் தாமஸ் ஷ்ரோடர், வால்ஷ் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. இந்த ஹெக்ஸார்த்ராவில் உறங்குமுட்டையிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பெண்களிலேயே ஒரு பகுதி நேரடியாகப் பாலினப் பெருக்கத்தில் இறங்கிவிடுகிறது. மற்ற ரோட்டிஃபர்களில் அது பெரும்பாலும் காணப்படாத ஒன்று. எல்லாப் பெண்களும் அப்படி இறங்கிவிட்டாலும் ஆபத்து. எண்ணிக்கை பெருகவே பெருகாது. ஒரு பகுதி உடனே ஆணை ஈன்று சேமிப்பைத் தொடங்குகிறது, மறு பகுதி பெருகுகிறது. மழை சிறிதாக இருந்தால் முதல் பகுதி வம்சத்தைக் காக்கும். நீர் நெடுநாள் நின்றால் இரண்டாம் பகுதியின் பலன் சேரும். எந்த மழை வரும் என்று அறிய வழியில்லாத இடத்தில் இதைவிடச் சரியான ஏற்பாட்டை யாராலும் சொல்ல முடியுமா? உறங்குமுட்டைகளிலும் இதே விவேகம் உண்டு. முதல் மழைக்கே எல்லா முட்டையும் பொரிப்பதில்லை. ஒரு பங்கு அடிமண்ணிலேயே தங்கிவிடும். விதைநெல்லைச் சமைக்காமல் குதிரில் வைத்திருக்கும் உழவர் வீட்டைப்போல ஒவ்வொரு குழியும் ஒரு கையிருப்பை வைத்திருக்கிறது.

குழியில் இவை தனியாகவும் இல்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், மல்லாந்து நீந்தும் ஃபெயரி ஷ்ரிம்ப் எனும் ஓடில்லா இறால்வகைகள் அதே மழைக்குப் பொரித்து, அதே நீரை வடித்துத் தின்கின்றன. நெவாடாவின் பீட்டர் ஸ்டார்க்வெதர் 2005இல் ஒரு தற்காலிகக் குட்டையின் ஹெக்ஸார்த்ராவையும் பிராங்கினெக்டா எனும் அத்தகைய இறாலையும் சேர்த்து ஆராய்ந்தார். இறால் ரோட்டிஃபரைத் தின்பதாலேயே ஒரு குட்டையில் ரோட்டிஃபர் அற்றுப்போகலாமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. வற்றும் வெயிலோடு தின்னும் வாயும் சேர்ந்துதான் அந்த அவசர வாழ்க்கையை வடித்திருக்கின்றன.

இனம் அறிவதைப் பற்றி ஒரு செய்தி. எபிஃபேனஸ் சென்டா என்பது நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வகங்களில் பழக்கமான ரோட்டிஃபர். ஒரு தலைமுறை விலங்கியலாளர்கள் பால் நிர்ணயம் பற்றி ஆராய்ந்தது இதை வைத்துத்தான். உலகம் முழுவதும் பரவிய ஒரே இனம் என்று எல்லோரும் எண்ணியிருந்தனர். சிவாவா பாலையின் குழிகளில் கிடைத்ததும் பார்வைக்கு அதேதான். ஷ்ரோடரும் வால்ஷும் வடிவம், மரபணு, இனச்சேர்க்கை நடத்தை எல்லாவற்றையும் வெவ்வேறு இடத்து விலங்குகளோடு ஒப்பிட்டபோது அது தனி இனம் என்று தெரிந்தது. 2007இல் எபிஃபேனஸ் சிவாவாயென்சிஸ் என்று பெயரிட்டனர். அதே கட்டுரையில் ஹவாய்த் தீவுகளின் பெயர் தாங்கிய மற்றோர் இனமும் உண்டு. ஒரே பெயரின்கீழ் பல இனங்கள் ஒளிந்திருப்பது ரோட்டிஃபர்களில் மீண்டும் மீண்டும் தெரியவருகிறது. ஆகையால் பழைய பட்டியல்களில் எங்கும் பரவியது என்று குறித்துள்ள எந்த இனத்தையும் நான் இப்போது அப்படியே ஏற்பதில்லை.

இது ஒரு பழைய விவாதத்தைத் தொடுகிறது. நுண்ணிய உயிர்கள் எல்லாம் எங்கும் பரவியிருக்கின்றன, எங்கே எது தழைக்கும் என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது என்று 1934இல் டச்சு அறிஞர் பாஸ் பெக்கிங் எழுதினார். ரோட்டிஃபருக்கும் அது பொருந்துமா? சிவாவா பாலைவனம் அதற்கு இயற்கையே அமைத்துத் தந்த சோதனைக்களம். ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் இடையே ஓடையோ வாய்க்காலோ இல்லை. இடம்பெயர வேண்டுமானால் பறவையின் காலிலோ விலங்கின் உடலிலோ ஒட்டிப் போக வேண்டும். அல்லது காற்றில் பறக்க வேண்டும்.

காற்றுக்கு அங்கே பஞ்சமில்லை. வசந்த காலத்தில் வறண்ட களர்த்தரைகளிலிருந்து எழும் புழுதி எல் பாசோவின் வானத்தை மறைக்கும். அதே பல்கலைக்கழகத்தில் புழுதிப்புயல்களை ஆராயும் தாமஸ் கில் இருக்கிறார். இரு துறையும் சேர்ந்தன. புயலின்போது படியும் புழுதியைக் கலங்களில் பிடித்து, நீர் சேர்த்து வைத்து, என்ன எழுகிறது என்று பார்த்தார்கள். காற்றுச் சுரங்கத்தில் புயலைச் செயற்கையாக உண்டாக்கியும் பார்த்தார்கள். 2019இல் முடிவுகள் வந்தன. நூற்புழுக்கள், ரோட்டிஃபர்கள், நுண்ணிய ஓட்டுடலிகள் எனப் பல உயிர்கள் அந்தப் புழுதியிலிருந்து எழுந்தன. உறங்குமுட்டையின் பருமன் மணல், புழுதித் துகள்களின் பருமனை ஒத்தது. காற்று எதைத் தூக்கிச் செல்லுமோ அந்த அளவில்தான் இந்த உயிர்கள் தங்களைப் பொதிந்து வைத்திருக்கின்றன. புழுதிப்புயலை மூச்சிரைப்பு நோய்க்கும் சாலை விபத்துக்கும் காரணமாகவே அறிந்திருந்தோம். உயிரினப் பரவலுக்கு வழி என்ற பக்கத்தைத் திறந்து காட்டியது இந்தப் பணி.

அப்படியானால் எல்லாம் எங்கும் பரவிவிட்டதா என்றால், இல்லை. 236 இடங்களின் கணக்கில், சிறு பரப்புகளுக்குள்ளேயே தூரம் கூடக் கூட இனங்களின் சேர்மானம் மாறுபட்டது. இனம் குறைந்த இடத்தின் பட்டியல், பெரும்பாலும் இனம் மிகுந்த இடத்துப் பட்டியலின் ஒரு பகுதியாகவே இருந்தது. காற்று கொண்டுபோய்ப் போடுகிறது; எல்லாமும் ஊன்றுவதில்லை. போய் விழும் குழியில் ஏற்கெனவே இருப்பவை இடம் கொடுக்க வேண்டும், நீரின் உப்பும் வெப்பமும் ஒத்துவர வேண்டும், வற்றுவதற்குள் முட்டையிட வேண்டும். பாஸ் பெக்கிங்கின் கூற்றில் முதல் பாதியைவிட இரண்டாம் பாதிக்கே வலு அதிகம் என்பது என் கருத்து.

இவ்வளவு ஆராய்ந்தபின் அந்த நீர்நிலைகள் நிலைத்திருக்குமா என்ற கேள்வி இருக்கிறது. மெக்சிகோவின் கோவாவிலா மாநிலத்தில் குவாத்ரோ சியெனெகாஸ் என்ற பள்ளத்தாக்கு உண்டு. பாலைவன நடுவே நூற்றுக்கணக்கான நீலக் குளங்கள். வேறெங்கும் இல்லாத எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள். சுற்றுப்புறத்தில் மாட்டுத்தீவனப் பயிருக்காக நிலத்தடி நீரை இறைத்தும் வாய்க்கால் வெட்டி வெளியே கொண்டுபோயும் வந்ததில், சுரின்சே எனும் குளத்தொகுதி நம் காலத்திலேயே வறண்டது. மழையில் நிறையும் குழி வறண்டால் மீண்டும் நிறையும். அங்குள்ள உயிர்கள் அதற்குப் பழகியவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வற்றாத ஊற்று வறண்டால் அங்குள்ளவற்றுக்கு உறங்கிக் கிடக்கும் வித்தை தெரியாது. 246 இனங்களில் 175 ஊற்றுகளில் கிடைத்தவை என்று சொன்னேன். அந்த எண்ணை இந்தச் செய்தியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

ஹுவெகோ டேங்க்ஸ் அவ்வகையில் கொடுத்து வைத்தது. பாறை ஓவியங்கள் சிதைவதைத் தடுக்க, 1990களின் இறுதியிலிருந்து அங்கே பார்வையாளர் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. வழிகாட்டியில்லாமல் சுற்றக்கூடிய வடக்குக் குன்றில் ஒரே நேரத்தில் எழுபது பேருக்குத்தான் அனுமதி. ஓவியத்துக்காக வந்த சட்டம் குழிகளுக்கும் காவலாயிற்று. பாறையேறுவோர் பலருக்கு இதில் மனக்குறை உண்டு. எனக்கு அந்தக் கட்டுப்பாட்டில் முழு உடன்பாடு. ஒரு செருப்புக்கால் குழியின் காய்ந்த புழுதியைக் கிளறினால், பல ஆண்டு மழையில் சேர்ந்த முட்டைகள் நொறுங்கும்.

இதனால் என்ன பயன் என்று நிதி தருவோர் கேட்பார்கள். கேட்கட்டும், விடையும் உண்டு. 1960களில் ஜப்பானில் மீன்குஞ்சு வளர்ப்பு பெருகியதற்கு பிராக்கியோனஸ் எனும் உவர்நீர் ரோட்டிஃபர் முதல் இரையாகக் கிடைத்தது ஒரு முக்கியக் காரணம். இன்று உலகெங்கும் கடல்மீன் குஞ்சுப் பண்ணைகள் அதை வளர்க்கின்றன. முதுமை பற்றிய ஆய்விலும் நீரின் நச்சுத்தன்மையைச் சோதிப்பதிலும் ரோட்டிஃபர் பயன்படுகிறது. இவற்றைச் சொல்லி ஒப்புதல் பெறுவதில் தவறில்லை. ஆனாலும், வால்ஷும் வாலஸும் செய்த பணிக்கு இந்தப் பயன்கள் தேவையான சான்று என்று நான் கருதவில்லை. ஒரு நிலப்பரப்பில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று அறிந்து வைப்பது அந்த நிலத்தில் வாழும் பல்கலைக்கழகத்தின் கடமை. எல் பாசோவின் மாணவர்களில் பெரும்பான்மையோர் அந்த எல்லைப்பகுதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தங்கள் ஊரின் மண்ணையே எடுத்து, தங்கள் ஊரின் புயலையே பிடித்து, உலகத் தரமான ஆய்விதழ்களில் எழுதினார்கள். அந்த ஆய்வகத்தின் மிகப் பெரிய சாதனை என்று நான் மதிப்பது இதைத்தான்.

நம் பக்கம் ஒரு சொல். இந்தியாவின் ரோட்டிஃபர்களைப் பற்றி 1889இலேயே ஆண்டர்சன் என்பவர் கல்கத்தாவிலிருந்து ஓர் ஆய்வுக் குறிப்பை வெளியிட்டார். தமிழ்நாட்டின் மழைக்குட்டைகளில் ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைகோட்டோமஸ் என்ற ஃபெயரி ஷ்ரிம்ப் உண்டு. அதன் உறங்குமுட்டைகளைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, தொடக்கம் நமக்கும் இருக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களும் ஊருணிகளும், நம் குன்றுகளின் சுனைகளும் ஆண்டுதோறும் நிறைந்து வற்றுகின்றன. அவை பாலைவன நீர்நிலைகள் அல்ல. அவற்றுக்கே உரிய கணக்கு இருக்கும். அந்தக் கணக்கை எடுக்க நுண்ணோக்கியும் நுண்கண் வலையும் பொறுமையும் போதும்; இம்மூன்றும் நம் கல்லூரிகளில் கிடைக்கும்.

மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வற்றி நிறையும் ஒரு நீர்நிலையைத் தேர்ந்தெடுங்கள். நிறையும்போதெல்லாம் போய் மாதிரி எடுங்கள். உயிரோடு பாருங்கள், வரையுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள். துறைத் தலைவர்களிடம் கேட்பது, அந்தக் குறிப்பேடுகளை ஆய்வாக ஏற்று, அடுத்த அணி மாணவருக்குக் கைமாற்றிக் கொடுங்கள் என்பதே. இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவோடு, ஒரே குளத்தைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்ய ஒரு மாணவர் குழுவுக்கு உதவித்தொகை ஒன்றையும் ஏற்படுத்துங்கள்.